கொழுவும் தார்க்குச்சியும்

விதைப்புக் காலம். மகத நாட்டில் ஏகநாளா என்ற ஊர். காசி பாரத்வாஜர் என்ற பிராமணப் பண்ணையாரின் வயலில் ஐந்நூறு ஏர்கள் பூட்டி நிற்கின்றன. உழவர்களுக்குச் சோறு போடும் நேரம் பார்த்துப் புத்தர் பிச்சைப் பாத்திரத்துடன் வந்து ஓரமாக நிற்கிறார். பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. தாம் உழுது விதைத்துச் சாப்பிடுவதாகவும், வந்தவரும் அப்படி உழுது விதைத்துச் சாப்பிடலாமே என்றும் கேட்கிறார். தாமும் உழவரே என்கிறார் புத்தர். அப்படியானால் நுகம் எங்கே, கலப்பை எங்கே, மாடு எங்கே என்று மறுகேள்வி வருகிறது.

புத்தர் தம் ஏரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நம்பிக்கை அவருடைய விதை. தவம் மழை. அறிவு, நுகத்தடியும் கலப்பையும். தவறு செய்ய நாணும் குணம் ஏர்க்கால். மனம் பூட்டாங்கயிறு. தளராத முயற்சி, பாரம் இழுக்கும் மாடு. 'ஸதி' எனப்படும் விழிப்புக்கு மட்டும் இந்த ஏரில் இரண்டு இடம். மண்ணைக் கிழிக்கும் கொழுவும் அதுதான், மாட்டை ஓட்டும் தார்க்குச்சியும் அதுதான். மனம் நெகிழ்ந்த பண்ணையார் பாற்சோறு கொண்டுவருகிறார். பாட்டுச் சொல்லிக் கூலி வாங்கும் வழக்கம் தமக்கில்லை என்று புத்தர் அதை மறுத்துவிடுகிறார். அந்தச் சோற்றைத் தண்ணீரில் கொட்டியதும் அது 'சுர்'ரென்று சீறிப் புகைகிறது. பகலெல்லாம் காய்ந்த கொழுவைத் தண்ணீரில் போட்டாற்போல என்று எழுதுகிறது பாலி நூலான சுத்தநிபாதம். உழவரிடம் தொடங்கிய பேச்சு கடைசிவரை வயலை விட்டு நகரவில்லை.

இன்று கைபேசிச் செயலிகளிலும் அலுவலகப் பயிலரங்குகளிலும் மருத்துவமனைகளிலும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் புழங்கும் பயிற்சிக்கு வேர் இந்த ஸதிதான். 1881இல் டி. டபிள்யூ. ரைஸ் டேவிட்ஸ் பாலிச் சூத்திரங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது அந்த ஆங்கிலச் சொல்லைக் கையாண்டார். அது நிலைத்துவிட்டது. மூலச் சொல்லின் முதற்பொருள் நினைவு. வடமொழி 'ஸ்மிருதி'யே பாலியில் 'ஸதி' ஆகிறது. செய்துகொண்டிருப்பதை மறவாமல் இருப்பது, எதற்காக உட்கார்ந்தோம் என்பதை நழுவவிடாமல் இருப்பது என்று அதை விளக்கலாம். தமிழில் இதற்கு மிக நெருங்கிய பழஞ்சொல் பொச்சாவாமை. திருக்குறளின் 54ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. தியானம் என்றால் மனத்தைக் காலிசெய்வது என்று பலர் நம்புகிறார்கள். ஸதி என்ற சொல்லில் அந்தப் பொருள் இல்லவே இல்லை.

ஒரே ஸதி எப்படிக் கொழுவாகவும் தார்க்குச்சியாகவும் இருக்க முடியும்? உழுதவர்களுக்கு இது புரியும். கொழு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போகிறது. மேல்மண்ணைப் புரட்டி அடியில் கிடப்பதை வெளியே கொண்டுவருகிறது. தார்க்குச்சி மேலே, உழுபவர் கையில் இருக்கிறது. மாடு நின்றால்தான் அதற்கு வேலை. விழிப்பும் அப்படித்தான். ஆழத்தில் நடப்பதைக் காட்டுகிறது, சோம்பும்போது தட்டியும் எழுப்புகிறது. பத்துப் பக்கம் விளக்கியும் விளங்காத ஒன்றை ஏர்க்கலப்பை ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது.

புத்தரின் உரைகளில் இப்படி நூற்றுக்கணக்கான உவமைகள் உண்டு. அறிவுள்ளவர்கள் உவமையால் பொருளை உணர்ந்துகொள்வார்கள் என்று முன்னுரைத்துவிட்டே பல இடங்களில் அவற்றைத் தொடங்குகிறார். அவற்றில் நடமாடுபவர்கள் தச்சர், பொற்கொல்லர், கடைசல்காரர், சமையல்காரர், மாடு மேய்ப்பவர், யானைப் பாகர், கழைக்கூத்தாடி. கையால் வேலை செய்யும் மனிதர்கள். வேலையின் போக்கில் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று கை தெரிந்துவைத்திருக்கும் அறிவைத்தான் அவர் மனப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே இந்த உவமைகளைப் பேச்சுக்கு அழகு சேர்க்கும் அணிகளாக மட்டும் படிப்பவர் பாதியைத் தவறவிடுகிறார். ஒவ்வொன்றும் ஒரு செய்முறைக் குறிப்பு. எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

முதற்கட்டத்துக்கு உரியது கன்றுக்குட்டி. இதை விரிவாக எழுதியவர் 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் மகாவிகாரையில் இருந்து 'விசுத்திமக்கம்' என்ற பெருநூலை இயற்றிய புத்தகோசர். அடங்காத பசுவின் பாலைக் குடித்து வளர்ந்த முரட்டுக் கன்றைப் பழக்க நினைக்கும் இடையர், அதைத் தாயிடமிருந்து பிரித்து, ஆழ ஊன்றிய கம்பத்தில் கயிற்றால் கட்டுகிறார். கன்று இங்குமங்கும் திமிறுகிறது, இழுக்கிறது. அறுத்துக்கொண்டு ஓட முடியவில்லை. கடைசியில் அந்தக் கம்பத்தடியிலேயே படுத்துக்கொள்கிறது. கம்பம் மூச்சு. கயிறு ஸதி. கன்று, இத்தனை நாள் காட்சியிலும் ஓசையிலும் சுவையிலும் மேய்ந்து வளர்ந்த மனம். முதன்முதலாகக் கண்ணை மூடி உட்கார்ந்தவர் ஐந்து நிமிடத்தில் ஐம்பது இடம் போய்வந்ததைக் கண்டு தமக்கு இது ஒத்துவராது என்று எழுந்துவிடுகிறார். திமிறுவது கன்றின் இயல்பு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் எழுந்திருக்க மாட்டார்.

புத்தகோசருக்குத் தமிழ் மண்ணோடு தொடர்பு உண்டு. புத்தர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில், ஜோதிபாலர் என்ற துறவியுடன் தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே குறிப்பிடுகிறார். உறையூர்க்காரரான புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து 'அபிதம்மாவதாரம்' எழுதினார். விசுத்திமக்கத்துக்கு விரிவுரை தந்த தம்மபாலரையும் மரபு நம் கடற்கரையோடுதான் இணைக்கிறது. தேரவாத பௌத்தத்தின் தியான நூல்கள் உருவானதில் இந்த ஊர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நம்மவர்களில் பலர் அறிவதில்லை.

கன்று வளர்ந்து மந்தையான பிறகு வரும் உவமையை மஜ்ஜிம நிகாயத்தில் பார்க்கலாம். தாம் ஞானம் பெறுவதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் புத்தர் சொல்கிறார். தமக்குள் எழும் எண்ணங்களை இரண்டாகப் பிரித்தாராம். ஆசை, பகை, பிறரைத் துன்புறுத்தும் நினைப்பு ஒரு பக்கம். அவற்றுக்கு எதிரானவை மறுபக்கம். முதல் வகை எழுந்தபோது அவர் நடந்துகொண்ட விதம், மழைக்காலக் கடைசியில் மாடு மேய்ப்பவர் நடந்துகொள்ளும் விதம். வயலெல்லாம் பயிர் நெருங்கி நிற்கிறது. ஒரு மாடு வரப்புத் தாண்டி வாய்வைத்தாலும் அபராதம், அடி, சிறை, ஊரார் ஏச்சு. ஆகவே மேய்ப்பவர் கோலை ஓங்கியபடியே இருக்கிறார். இங்கே தட்டுகிறார், அங்கே குத்துகிறார், மறிக்கிறார்.

பிறகு காலம் மாறுகிறது. கோடைக் கடைசி. அறுவடை முடிந்து தானியமெல்லாம் ஊருக்குள் போய்விட்டது. அதே மேய்ப்பவர், அதே மாடுகள். இப்போது அவர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அதோ மாடுகள் நிற்கின்றன என்ற நினைவு மட்டும் இருந்தால் போதும். அந்த நினைவுக்குப் பாலி மூலத்தில் நிற்கும் சொல் ஸதி.

பயிற்சியில் தடுமாறும் மிகப் பலருக்கு இந்த ஓர் உவமை வழிகாட்டும். பயிர் நிற்கும் காலத்தில் மரத்தடியில் உட்கார்ந்து, வருவது வரட்டும் பார்த்துக்கொண்டிருப்போம் என்று இருப்பவர்கள் உண்டு. கோபம் வந்தால் கோபத்தை 'வெறுமனே கவனிக்கிறேன்' என்பார்கள். அதற்குள் மாடு பாதி வயலை மேய்ந்துவிட்டிருக்கும். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்க, கோலைக் கீழே வைக்கத் தெரியாமல் ஒவ்வோர் எண்ணத்தையும் துரத்தி அடித்துக் களைத்துப்போவார்கள். இரு சாராரும் ஸதி என்ற பெயரில்தான் அதைச் செய்கிறார்கள். சொல்லை மட்டும் கற்றவருக்கு வேறுபாடு தெரியாது. வயலைப் பார்க்கக் கற்றவருக்குத் தெரியும்.

வாயிற்காவலர் இன்னொரு பாத்திரம். சம்யுத்த நிகாயத்தில் ஓர் எல்லைப்புற நகரம் வருகிறது. உறுதியான மதில், ஆறு வாயில்கள். அறிமுகமற்றவரைத் தடுத்து, தெரிந்தவரை உள்ளே விடும் தேர்ந்த காவலர் ஒருவர். விரைந்து வரும் தூதர் இருவர் நகரத் தலைவர் எங்கே என்று அவரிடம் வழி கேட்டு, நடுச்சதுக்கத்தில் இருக்கும் தலைவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லும் செய்தியைக் கொடுத்துவிட்டு வந்தவழியே போகிறார்கள். நகரம் உடல். வாயில்கள் ஐம்புலனும் மனமும். காவலர் ஸதி. தூதர் இருவரும் மன அமைதியும் உள்நோக்கும். காவலர் யாரோடும் சண்டை போடுவதில்லை, யாரையும் விரட்டிக்கொண்டு தெருவில் ஓடுவதும் இல்லை. வருபவர் யார் என்று அறிகிறார், அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொண்டால் போதும்.

இதே காவலரைப் புத்தகோசர் மூச்சுப் பயிற்சிக்கு வேறுவிதமாகப் பயன்படுத்துகிறார். காவலர் ஊருக்குள் நடமாடுபவரையும் ஊருக்கு வெளியே திரிபவரையும் போய்ச் சோதிப்பதில்லை. வாயிலுக்கு வந்தவரை மட்டும் பார்க்கிறார். அதுபோலவே, உள்ளே போன மூச்சையும் வெளியே போன மூச்சையும் பின்தொடர வேண்டாம். மூக்கு நுனியில் தொடும் இடத்தில் நின்று கவனித்தால் போதும் என்கிறார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்தக் குறிப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பர்மாவின் கணக்காயர் தலைவராக இருந்த சயாஜி ஊ பா கின்னிடம் பயின்று, 1969இல் இந்தியா வந்து விபசனா தியான முகாம்களைத் தொடங்கியவர் எஸ். என். கோயங்கா. அவர் வழியில் நடக்கும் பத்து நாள் முகாம்களில், மகாராஷ்டிரத்தின் இகத்புரியானாலும் சென்னையை அடுத்த திருமுடிவாக்கமானாலும், முதல் மூன்று நாளுக்கு வேலை மூக்கு வாசலில்தான்.

சோணரின் கதை பலர் கேள்விப்பட்டது. ஆனால் அதில் ஒரு நுட்பம் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. செல்வக் குடும்பத்தில் மெல்லிய பாதங்களோடு வளர்ந்த சோண கோளிவிசர் துறவியாகி, ராஜகிருகத்தருகே சீதவனத்தில் இரவுபகலாக நடந்து நடந்து தியானம் செய்தார். பாதம் வெடித்து நடைபாதையெல்லாம் ரத்தம். பலன் ஒன்றும் காணோம். வீட்டுக்குத் திரும்பிப் பிறருக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடலாமா என்று நினைக்கிறார். புத்தர் வந்து, வீட்டிலிருந்த காலத்தில் அவர் வீணை வாசிப்பில் தேர்ந்தவர்தானே என்று கேட்கிறார். நரம்பு மிகையாக முறுக்கேறியிருந்தால் இசை வருமா? தொய்ந்திருந்தால் வருமா? இரண்டுக்கும் வராது என்கிறார் சோணர். அக்கால வீணை, சாஞ்சியிலும் அமராவதியிலும் சிற்பங்களில் நாம் காணும் வில்வடிவ இசைக்கருவி. நம் யாழின் உறவு.

நடுவழியில் நில் என்பதுதான் இதன் பொருள் என்று முடித்துவிடுகிறார்கள். யாழ் மீட்டியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். நரம்பு ஒருமுறை சுருதி சேர்த்தால் நிற்பதில்லை. வெயிலுக்குத் தளரும், ஈரத்துக்கு மாறும். ஒவ்வொரு முறையும் காதால் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். சோணருக்குச் சொல்லப்பட்டதும் அந்தக் கேட்கும் பழக்கம்தான். பொற்கொல்லர் உவமை இதையே இன்னும் தெளிவாக்குகிறது. மூசையில் இட்ட பொன்னை அவர் அவ்வப்போது ஊதுகிறார், அவ்வப்போது நீர் தெளிக்கிறார், அவ்வப்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊதிக்கொண்டே இருந்தால் பொன் கருகும். தெளித்துக்கொண்டே இருந்தால் ஆறிவிடும். பார்த்துக்கொண்டே இருந்தால் பக்குவம் வராது. முயற்சி, ஒருமைப்பாடு, பற்றற்ற நோக்கு என்ற மூன்றுக்கும் ஊது, தெளி, பார் என்று மூன்று கைவேலைகள். பட்டறையைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சோணர் இசை அறிந்தவர், அவருக்கு வீணை. பாரத்வாஜர் உழவர், அவருக்கு ஏர். கேட்பவரின் கைக்குள் இருக்கும் பொருளைத்தான் புத்தர் எடுக்கிறார். கயையில் சடைமுடித் துறவிகள் ஆயிரம் பேர் அவர் பின்னால் வந்தார்கள். அதுவரை தீ வளர்த்து வழிபட்டவர்கள். அவர்களுக்கு அவர் சொன்னது தீயைப் பற்றி. கண் எரிகிறது, காது எரிகிறது, மனம் எரிகிறது. ஆசையாலும் வெறுப்பாலும் மயக்கத்தாலும் எரிகிறது என்றார். இந்தத் தீ உவமை பௌத்தத்தின் அடிச்சொற்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. 'பற்று' என்று நாம் பெயர்க்கும் 'உபாதானம்' என்ற சொல்லுக்கு எரிபொருள் என்றும் பொருள். நிர்வாணம் என்றால் தீ அணைவது. விறகு போடுவதை நிறுத்தினால் தீ தானே அடங்கும். யாரும் அடித்து அணைக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ரிச்சர்ட் காம்பிரிச் இந்த உவமைத் தொடரை எடுத்துக்காட்டி, பிற்காலத்தார் அதை மறந்ததால் பல சொற்கள் வெறும் கலைச்சொல்லாக உறைந்துபோயின என்று விளக்கியிருக்கிறார். தமிழில் இந்த இழப்பு அவ்வளவு நேர வேண்டியதில்லை. தீ பற்றுகிறது என்றும் மனம் பற்றுகிறது என்றும் ஒரே வினைச்சொல்லால் நாம் பேசுகிறோம்.

தன்னையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுயநலம் அல்லவா என்ற கேள்வி அன்றும் இருந்தது. அதற்குக் கழைக்கூத்தாடி வருகிறார். மூங்கிலை நிறுத்தி, சீடரைத் தம் தோள்மேல் ஏறச் சொல்லி, குரு பேசுகிறார்: நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்; வித்தையும் காட்டுவோம், காசும் வாங்குவோம், நலமாக இறங்குவோம். சீடர் மறுக்கிறார். அப்படி இல்லை ஆசானே, நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன், அப்போதுதான் இருவரும் பிழைப்போம் என்கிறார். சீடர் சொன்னதே முறை என்கிறார் புத்தர். தெருவில் கம்பத்தின்மேல் நிற்கும் சிறுமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழே இருப்பவர் தம் சமநிலையைப் பிடிப்பதுதான் மேலே இருப்பவருக்குச் செய்யும் உதவி. புத்தர் அங்கேயும் நிறுத்தவில்லை. பொறுமையாலும் துன்புறுத்தாமையாலும் அன்பாலும் பிறரைக் காப்பவர் தம்மையும் காக்கிறார் என்று மறுபக்கத்தையும் சேர்த்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பயிற்சி மேற்கே போனபோது புதிய உவமைகள் வந்தன. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியைத் தொடங்கினார். தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு மதச்சொல் எதுவும் இல்லாமல் கற்பிக்க வேண்டியிருந்தது. ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பார்க்கவும் முகரவும் மெல்லவும் சொன்னார். அவர் நூலில் நினைவுகூரும் படம் ஒன்று நமக்கு அணுக்கமானது. வெண்தாடியும் காவியுமாக ஒரு சாமியார் ஹவாய்க் கடலில் அலைச்சறுக்குப் பலகையின்மேல் நிற்கும் சுவரொட்டி அது. அலையை நிறுத்த முடியாது, அதன்மேல் சறுக்கக் கற்கலாம் என்பது அதன் கருத்து. அந்தச் சாமியார் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்.

அலை நல்ல உவமைதான். அதற்குப் பிறகு வந்தவை சில அப்படியில்லை. மூளைக்கு உடற்பயிற்சிக்கூடம், மனத்துக்கு பேட்டரி சார்ஜ், பத்து நிமிட 'ரீசெட்' என்று விளம்பரங்கள் பேசுகின்றன. மனிதர் உவமைகளைக் கொண்டே சிந்திக்கிறார்கள் என்பதை ஜார்ஜ் லேகாஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார்கள். எந்த உவமையை எடுக்கிறோமோ அதன் தர்க்கம் நம்மை இழுத்துச் செல்லும். சார்ஜ் ஏற்றிய பேட்டரி எதற்காக? மறுபடி அதே வேலையில் தீர்ந்துபோவதற்காக. அந்த வேலை சரியா, அந்தச் சம்பாத்தியம் யாருக்காவது தீங்கு செய்கிறதா என்று கேட்க பேட்டரியில் இடமில்லை. ஏகநாளா வயலில் சொன்ன ஏரை நினைத்துப் பார்க்கலாம். அதில் ஸதி கொழு. ஆனால் கலப்பையை நுகத்தோடு சேர்ப்பது ஏர்க்கால், அது தவறுக்கு நாணும் குணம். ஏர்க்காலைக் கழற்றிவிட்டுக் கொழுவை மட்டும் விற்பதுதான் இன்று பல இடங்களில் நடக்கிறது. கொழு கூரானதுதான், தனியாக வைத்துக்கொண்டு எதை உழுவது?

கூரானது கையையும் கிழிக்கும். அரிட்டர் என்ற துறவி போதனையைத் தவறாகப் பிடித்துக்கொண்டபோது புத்தர் பாம்பு உவமை சொன்னார். பாம்பை வாலில் பிடித்தால் திரும்பிக் கடிக்கும். கவைக்கோலால் அழுத்திக் கழுத்தில் பிடிக்கத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தியானம் பழகும் 60 மேற்கத்திய பௌத்தர்களை நேர்கண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியின்போது சிலருக்குப் பயமும் பதற்றமும் தூக்கக் குலைவும் ஏற்பட்டதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களும் மருத்துவரையும் அனுபவமுள்ள ஆசிரியரையும் கேட்காமல் நீண்ட முகாம்களில் இறங்கக் கூடாது. தியானம் தீங்கே செய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, முறையாகப் பயில்பவருக்கு முன்னேற்றம் எப்படித் தெரியும்? செயலிகள் தொடர்ந்து எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்று எண்ணிக் காட்டுகின்றன. புத்தர் தச்சரின் வாச்சியைக் காட்டுகிறார். பாலியில் 'வாசி' என்று வரும் அதே கருவி. வாச்சியின் பிடியில் தச்சரின் விரல் பதிந்த தடமும் கட்டைவிரல் தடமும் தெரிகின்றன. இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது. தேய்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். அதே உரையில் கப்பலும் வருகிறது. ஆறு மாதம் கடலில் கிடந்து குளிர்காலத்தில் கரையேற்றிய கப்பலின் கட்டுக் கயிறுகள் காற்றிலும் வெயிலிலும் நைந்துபோயிருக்கின்றன. மேலே மழையும் பெய்தால் தாமாகவே இற்று விழுகின்றன. முட்டைமேல் ஒழுங்காக அடைகாத்த கோழி, குஞ்சு பொரிய வேண்டும் என்று ஆசைப்பட வேண்டியதுகூட இல்லை என்கிறார். அடைகாக்காமல் ஆசை மட்டும் பட்டால் எதுவும் பொரியாது.

எவ்வளவு தேய்ந்தது என்று தினமும் அளந்து பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். எட்டு மாதம் கழித்து, முன்பு வெடித்திருக்கும் ஓர் இடத்தில் தாம் வெடிக்கவில்லை என்பதை அவர் வீட்டார் முதலில் கவனிப்பார்கள். பிடியிலுள்ள தடம் அதுதான்.

இந்திய மந்தையிலிருந்து கிளம்பிய மாடு சீனம் போய்ச் சேர்ந்ததும் படமாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் க்வோஆன் என்ற ஜென் துறவி, மாடு தேடும் சிறுவனைப் பத்துப் படங்களில் பாடல்களுடன் அமைத்தார். சிறுவன் தேடுகிறான். குளம்படி தெரிகிறது. மாட்டைக் காண்கிறான், மல்லுக்கட்டிப் பிடிக்கிறான், கயிறும் சாட்டையுமாகப் பழக்குகிறான், அதன்மேல் ஏறிக் குழலூதிக்கொண்டு வீடு திரும்புகிறான். ஏழாவதில் மாடு இல்லை. எட்டாவதில் அவனும் இல்லை, வெறும் வட்டம். அவருக்கு முன்பு இருந்த சில படத்தொடர்கள் அந்த வட்டத்தோடு முடிந்தன. க்வோஆன் மேலும் இரண்டு சேர்த்தார்: பூத்த மரமும் ஓடும் நீரும் ஒன்று, கடைத்தெரு ஒன்று. ஓவியர் ஷூபுன் வரைந்ததாகச் சொல்லப்படும் பத்துப் படச் சுருள் ஜப்பானில் கியோத்தோ நகரின் ஷோகோகுஜி கோயிலில் இருக்கிறது. அதன் கடைசிப் படத்தில் தொந்தியும் சிரிப்புமாக ஒரு கிழவர் வெறுங்காலோடு சந்தைப் பக்கம் நடந்து வருகிறார். எதிரே ஒரு சிறுவன் நிற்கிறான்.